கையின் வேலையைக் கால் செய்யலாமா?

சென்ற ஆண்டு நம் மன்றத்தின் ஆண்டுவிழாவில், வில்லுப்பாட்டுக்கும் நாடகத்துக்கும் இடையே நான் பியானோ வாசித்தது நண்பர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். நாடகத்துக்கு மேடை கட்டுவதற்குச் சிறிது நேரம் தேவைப்பட்டது. அந்த இடைவெளியை நிரப்ப என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஷோப்பான் என்ற போலந்து நாட்டு இசைமேதை இயற்றிய 24 முன்னிசைகளில் 16-ஆவதை வாசித்தேன். ஒரு நிமிட நேரமே வரும் உருப்படி. ஆனால் அந்த ஒரு நிமிடமும் புயல்தான். ஆறு கனத்த அடிகளுடன் தொடங்கும். உடனே வலக்கை மூச்சு விடாமல் ஓடும். இடக்கை குதிரைப் பாய்ச்சலில் துரத்தும். முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன்.

மறுநாள் எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் என்னை அழைத்தார். ஒலியியல் கற்பிப்பவர், ஓய்வு நேரத்தில் சிதார் வாசிப்பவர். நேற்று மேடையில் இடி முழங்கியது, மழை கொட்டியது, ஸ்வரம் மட்டும் ஒன்றும் காதில் விழவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அறைக்கு ஓடிப்போய் இசைத்தாளை எடுத்துவந்து அவர் முன் விரித்தேன். ஓட்டம் தொடங்கும் இடத்தில் வலப்பக்கத்துப் பெடலை அழுத்தச் சொல்லி ஷோப்பானே குறித்திருக்கிறார். ஓர் ஆவர்த்தத்தோடு விட்டுவிடாமல், அடுத்தடுத்த ஆவர்த்தங்களிலும் அதை எடுக்காமல் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். ஆக்கியோன் கட்டளையை நான் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினேன். அதில் குற்றம் எங்கே என்பது என் வாதம். பேராசிரியர் தாளைக் கூர்ந்து பார்த்தார். அவர் வாசித்த பியானோவும் நீ வாசித்த பியானோவும் ஒன்றுதானா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிறகு தம் வேலையில் மூழ்கிவிட்டார்.

அந்தக் கேள்வி என்னை ஓராண்டுக் காலம் விடவில்லை. அதற்கு விடை தேடப் போய் ஷோப்பானின் வாழ்க்கையையே படிக்க நேர்ந்தது. படித்ததை நம் மன்ற நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வாழ்க்கைக்குள் புகுமுன், இந்தப் பெடல் என்பது யாது என்று சொல்லிவிட வேண்டும். வீணையில் மீட்டிய தந்தியை விரலால் தொட்டால் நாதம் நின்றுவிடும் அல்லவா? பியானோவின் உள்ளேயும் அப்படித் தொட்டு நிறுத்தும் விரல்கள் உண்டு. ஒவ்வொரு ஸ்வரத்தின் தந்திகள்மீதும் கம்பளித் துணி ஒட்டிய ஒரு சிறு கட்டை உட்கார்ந்திருக்கிறது. கட்டையை அழுத்தி வாசிக்கும்போது அந்த ஸ்வரத்தின் தணிப்பான் மட்டும் எழும்; சுத்தியல் தந்தியை அடிக்கும்; விரலை எடுத்தால் தணிப்பான் மீண்டும் விழுந்து ஒலியை அடக்கிவிடும். வலப்பக்கத்துப் பெடலை மிதித்தாலோ எல்லாத் தணிப்பான்களும் ஒரே நேரத்தில் எழுந்துவிடும். விரலை எடுத்தாலும் ஒலி தொடரும். அது மட்டுமன்று, அடிக்கப்படாத தந்திகளும் அனுதாப அதிர்வால் கூடவே பாடத் தொடங்கும். சிதாரில் தரப்புத் தந்திகள் தாமாகவே ஒலிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்கோடியில் உள்ள சிறு தந்திகளுக்கு மட்டும் தணிப்பானே கிடையாது; அவற்றின் ஒலி அவ்வளவு விரைவில் தானே மடிந்துவிடும்.

நான் பிறந்து வளர்ந்தது வங்காளத்தில் ஓர் இரயில்வே குடியிருப்பில். அப்பா கும்பகோணத்தை விட்டுப் பிழைப்புக்காக வந்தவர். குடியிருப்பின் மன்றக் கூடத்தில் பழைய பியானோ ஒன்று இருந்தது. வயது முதிர்ந்த ஆங்கிலோ-இந்திய அம்மையார் ஒருவர் அதில் எனக்குக் கற்பித்தார். அந்தப் பியானோவின் நடுப்பகுதியில் இரண்டு தணிப்பான்களின் கம்பளியைப் பூச்சி அரித்துவிட்டது. ஆகவே அந்த இரண்டு ஸ்வரங்கள் மட்டும் தொட்டால் அடங்கவே மாட்டா; போகப் போக மற்ற இசையின் மேல் எண்ணெய்க் கறை போலப் படர்ந்து நிற்கும். இரண்டு ஸ்வரம் அடங்காவிட்டாலே அந்தப் பாடு! பெடலை மிதித்தால் அத்தனை ஸ்வரங்களும் அடங்கா. எனினும் பெடலில்லாப் பியானோ வறட்டு மரக்கட்டை. மிதிக்காமலும் முடியாது, மிதித்துக்கொண்டே இருக்கவும் முடியாது. இந்த நடுவழியில்தான் ஷோப்பான் தம் வாழ்நாள் முழுவதும் நடந்தார்.

பிரெடெரிக் ஷோப்பான் 1810-இல் வார்சா நகரத்துக்கு அருகே ஜெலசோவா வோலா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை நிக்கொலா பிரெஞ்சுக்காரர். லொரேன் பகுதியிலிருந்து 1787-இல் பிழைப்புத் தேடிப் போலந்துக்கு வந்து பிரெஞ்சு மொழி கற்பிக்கும் ஆசிரியர் ஆனவர். தாய் யுஸ்தினா போலந்துப் பெண்மணி. பிழைக்க வந்த இடமே தாயகமான தந்தைக்கு, பிறந்த இடத்தை விட்டுப் பிழைக்கப் போன மகன் பிறந்தான் என்பது விதியின் வேடிக்கை. புலம் பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளையாகிய எனக்கு இது படித்தவுடன் மனத்தில் பதிந்தது.

குழந்தை பிறந்த ஆண்டிலேயே குடும்பம் வார்சாவுக்குக் குடியேறியது. ழிவ்னி என்ற முதிய ஆசிரியரிடம் சிறுவன் பியானோ பயின்றான். ஏழாவது வயதில், 1817-இல், அவன் இயற்றிய பொலொனேஸ் என்ற நடன உருப்படி அச்சேறியது. பின்னர் எல்ஸ்னர் என்பவரிடம் இசையமைப்பு பயின்றான். எல்ஸ்னர் நல்ல குரு. தம் மாணவன் தம் வழியில் வரவில்லை என்று முகம் சுளிக்காமல் அவன் வழியிலேயே அவனை விட்டார். வீட்டில் நோயும் இருந்தது. தங்கை எமிலியா 1827-இல் 14 வயதில் மார்பு நோயால் மாண்டாள். அந்த நோயின் நிழல் அண்ணன்மீதும் படிந்திருந்தது.

1829-இல் ஷோப்பான் வியன்னா நகரில் முதல்முறையாகக் கச்சேரி செய்தார். மக்கள் பாராட்டினார்கள். ஆனால் ஒலி போதவில்லை, மிகவும் மெல்ல வாசிக்கிறார் என்ற குறையும் எழுந்தது. அந்தக் குறை அவரைக் கடைசி மூச்சு வரை தொடர்ந்து வந்தது. இங்கேதான் அவர் வாழ்க்கையின் முடிச்சு இருக்கிறது. ஒலி போதாதவன் என்ன செய்வான்? காலால் மிதித்து ஒலியைப் பெருக்குவான். எல்லாத் தந்திகளையும் திறந்துவிட்டால் சிறிய கையும் பெரிய கையாகிவிடும். அந்தக் காலத்து வித்வான்கள் பலர் செய்தது அதைத்தான். ஷோப்பான் அதைச் செய்ய மறுத்தார்.

1830 நவம்பர் 2-ஆம் நாள் அவர் வார்சாவை விட்டுப் புறப்பட்டார். அந்த மாத இறுதியில் ரஷ்ய ஆட்சிக்கு எதிராகப் போலந்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1831 செப்டம்பரில் வார்சா வீழ்ந்தது. அச்செய்தி ஷோப்பானுக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் எட்டியது. பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியாத நிலையில் அவர் துடித்தார். அதன்பின் அவர் தாயகத்து மண்ணை மிதிக்கவே இல்லை. அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் பாரிஸ் வந்து சேர்ந்தார்; எஞ்சிய வாழ்வு பெரும்பாலும் அங்கேதான்.

அக்காலப் பாரிஸ் பியானோ வித்வான்களின் போர்க்களம். கால்க்பிரென்னர் என்ற மூத்த வித்வான் ஷோப்பானைக் கேட்டுவிட்டு, மூன்று ஆண்டு தம்மிடம் பயிலுமாறு அழைத்தார். ஷோப்பான் பணிவோடு மறுத்தார். எனினும் தம் முதல் கான்செர்ட்டோவை அவருக்கே காணிக்கையாக்கினார். லிஸ்ட் அங்கே இருந்தார். மேடையில் அவர் சூறாவளி. தால்பெர்க் என்ற மற்றொரு வித்வான் வந்தார். அவர் வித்தை பெடலில் இருந்தது. நடுவில் ஒரு பாட்டைக் கட்டைவிரல்களால் எடுத்து, பெடலால் அதை நீள விட்டு, அந்த இடைவெளியில் இரு கைகளும் மேலும் கீழும் ஓடிச் சுற்றிலும் ஸ்வரங்களைத் தூவும். கேட்பவருக்கு மூன்று கைகள் வாசிப்பது போன்ற மயக்கம் உண்டாகும். 1837-இல் பெல்ஜொயோசோ இளவரசியின் மாளிகையில் லிஸ்ட்டும் தால்பெர்க்கும் நேருக்கு நேர் வாசித்துப் போட்டியிட்டது ஐரோப்பா முழுவதும் பேச்சாயிற்று.

ஷோப்பான் தால்பெர்க்கை முன்னரே வியன்னாவில் கேட்டிருந்தார். அங்கிருந்து ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அவர் மென்மையைக் கையால் உண்டாக்காமல் பெடலால் உண்டாக்குகிறார் என்று குத்தலாகக் குறிப்பிட்டார். இந்த ஒரு செய்தியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏனெனில் அது 180 ஆண்டுகளுக்கு மேல் கடந்து வந்து என் முதுகில் விழுந்த அடி. அன்று மேடையில் என் வலக்கை ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு ஸ்வரங்கள் தவறானவை, அல்லது விழவே இல்லை. பயிற்சி போதவில்லை என்று எனக்குத் தெரியும். பெடலை ஆழ அழுத்தினால் அது வெளியே தெரியாது என்றும் தெரியும். ஷோப்பானின் குறிப்பை நான் பின்பற்றியது உண்மை. ஆனால் பக்தியால் பின்பற்றவில்லை, பதுங்குவதற்காகப் பின்பற்றினேன். பேராசிரியரிடம் சொல்லாத பாதி இதுதான்.

பெரிய மண்டபங்களில் வாசிப்பதை ஷோப்பான் அஞ்சினார், வெறுத்தார். வாழ்நாளில் அவர் செய்த பொதுக் கச்சேரிகள் ஏறக்குறைய முப்பதுதான். நண்பர்கள் கூடிய சிறு அறையே அவருடைய அரங்கம். சோற்றுக்கு வழி, பாடம் சொல்லிக் கொடுப்பது. ஒரு பாடத்துக்கு 20 பிராங்கு. ஒரு நாளைக்கு ஐந்து மாணவர் வரை வருவார்கள். அவர் அறையில் இரண்டு பியானோக்கள் இருக்கும். மாணவர் பெரிய பியானோவில் அமர, அவர் பக்கத்தில் சிறிய பியானோவில் அமர்ந்து வாசித்துக் காட்டுவார். எல்லா விரலையும் ஒன்றாக்க முயலாமல் ஒவ்வொரு விரலின் இயல்பையும் பயன்படுத்தச் சொன்னார். நன்றாகப் பாடுபவர்களைப் போய்க் கேட்கச் சொன்னார். பெடலைப் பற்றி அவர் மிகவும் கண்டிப்பு. முதலில் பெடலே இல்லாமல் விரல்களால் பாடவைக்கப் பழக வேண்டும். பிறகு சிக்கனமாகக் காலைச் சேர்க்க வேண்டும். பெடலைச் சரியாகப் பயன்படுத்தக் கற்பது ஆயுட்காலப் படிப்பு என்று ஒரு மாணவிக்கு உணர்த்தியிருக்கிறார்.

இவ்வளவு கண்டிப்பானவர் பெடலே வேண்டாம் என்றவர் அல்லர். பாரிஸில் அவரைக் கேட்டவர்கள் வியந்ததே அவருடைய கால் வித்தையைத்தான். ஒலியை நீட்டும் வலப் பெடலையும், ஒலியை மெலிதாக்கும் இடப் பெடலையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கணக்காக ஆண்டார். 1836-இல் அவர் லைப்சிக் நகருக்குச் சென்றபோது, ஷூமான் என்ற இசைமேதை அவர் வாசிக்கக் கேட்டார். காற்றுபட்டு யாழ் தானே ஒலிப்பது போன்ற ஓர் எடியூட் அது. 25-ஆம் தொகுதியின் முதல் உருப்படி. சிறு ஸ்வரங்கள் ஒவ்வொன்றும் தனித்துத் தெறிக்காமல், பெடலால் அவ்வப்போது புதிதாக எழும்பும் அலையாகக் கேட்டதையும், அந்த அலைக்கு மேல் பாட்டு மிதந்து வந்ததையும் ஷூமான் பதிவு செய்திருக்கிறார். ஆகவே கலப்பதும் கலைதான். கலங்குவதுதான் குற்றம்.

இனி நான் வாசித்த முன்னிசை பிறந்த கதைக்கு வருவோம். 1838-இல், ஜார்ஜ் சான்ட் என்ற ஆண்பெயரில் எழுதிய புகழ்பெற்ற பெண் எழுத்தாளரோடும் அவருடைய இரு குழந்தைகளோடும் ஷோப்பான் மயோர்க்கா தீவுக்குச் சென்றார். உடம்பு தேறும் என்பது நம்பிக்கை. மழைக்காலம் பிடித்துக்கொண்டது, இருமல் பெருகியது. ஊரார் தொற்றுநோய்க்கு அஞ்சி விலகினர். வல்தேமோசா என்ற மலையூரில் துறவிகள் விட்டுப்போன மடத்தின் அறைகளில் குடியேறினார்கள். பாரிஸில் ப்ளேயெல் நிறுவனத்தார் அனுப்பிய சிறு பியானோ சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. அதிக வரி கேட்டார்கள்; பேச்சு வாரக்கணக்கில் நீண்டது. அதுவரை உள்ளூரில் கிடைத்த மட்டமான பியானோ ஒன்றே துணை. 1839 ஜனவரியில் ப்ளேயெல் வந்து சேர்ந்தது. பிப்ரவரியில் அவர்கள் தீவை விட்டே புறப்பட்டுவிட்டார்கள்! எனினும் அந்த ஈரமும் இருமலும் நிறைந்த மடத்தில்தான் 24 முன்னிசைகளும் முழுமை பெற்றன. காமில் ப்ளேயெல் அவற்றை 2,000 பிராங்குக்கு வாங்கியிருந்தார்.

அந்தத் தொகுதியைப் பெடல் கண்ணோடு பார்த்தால் ஒரு பாடநூல் போலவே இருக்கிறது. இரண்டாம் முன்னிசை துயரமும் கசப்பும் நிறைந்தது. அதில் கிட்டத்தட்டப் பெடல் குறியே இல்லை. பதினேழாவதன் முடிவில் ஆழ்ந்த கீழ்ஸ்வரம் ஒன்று கோயில் மணி போலப் பதினொரு முறை ஒலிக்கும். கைகள் மேலே வேறு வேலையில் இருக்க, அந்த மணியோசையைக் காலே தாங்க வேண்டும். நான் வாசித்த பதினாறாவதிலோ நீண்ட பெடல், அதுவும் தலைதெறிக்கும் ஓட்டத்தில். இவை அலட்சியமாகப் போட்ட குறிகள் அல்ல. ஷோப்பானின் கையெழுத்துப் படிகளில் பெடல் குறிகளை எழுதி, அடித்து, மாற்றி எழுதிய தடங்கள் நிறைய உண்டு. ஒரு குறியை எங்கே வைப்பது என்று அந்த நோயாளி மனிதர் அவ்வளவு போராடியிருக்கிறார். பிற்காலத்துப் பதிப்பாசிரியர்கள் சிலர் அவற்றை நீக்கிவிட்டுத் தங்கள் குறிகளைச் சேர்த்தார்கள். ஷோப்பான் எழுதியது எழுதியபடி வரவேண்டும் என்று போலந்து அறிஞர் யான் எகியர் 1959-இல் தொடங்கிய தேசியப் பதிப்பு 2010-இல் நிறைவெய்தியது.

அப்படியானால் பேராசிரியரின் கேள்விக்கு விடை என்ன? ஷோப்பானின் ப்ளேயெல் வேறு. இன்றைய பியானோ வேறு. அவருடையது பெரும்பாலும் மரச்சட்டம். அதற்கு இரும்புக் கம்பிகள் முட்டுக் கொடுத்திருக்கும். தந்திகள் மெல்லியவை, சுத்தியல்கள் சிறியவை. அடித்த ஒலி விரைவில் தேய்ந்துவிடும். தந்திகள் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்வதால் கீழ்ஸ்தாயி, மத்திமம், மேல்ஸ்தாயி மூன்றுக்கும் தனித்தனிக் குரல். பெடலை மிதித்தாலும் மூன்றும் ஒன்றையொன்று விழுங்கிவிடா. ஷோப்பான் மறைந்து பத்தாண்டு கழித்து, 1859-இல், ஸ்டைன்வே நிறுவனத்தார் பெரிய பியானோவில் தந்திகளைக் குறுக்காகப் பரப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஒரே வார்ப்பாக வார்த்த இரும்புச் சட்டம் வந்தது. இன்றைய பெரிய பியானோவில் தந்திகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 20 டன். சுத்தியல் பெரிது, ஒலி பெரிது, தேய நேரமும் அதிகம். தேய்ந்துபோகும் ஒலிக்காகப் போட்ட குறியைத் தேயாத ஒலியில் அப்படியே நிறைவேற்றினால், கோலம் போட்ட மாவில் தண்ணீர் ஊற்றிய கதைதான். போதாக்குறைக்கு அவர் வாசித்தது திரையும் கம்பளமும் நிறைந்த சிறு கூடம். நாம் விழா நடத்தியது வெறும் சிமெண்டுச் சுவர் கொண்ட பெருங்கூடம். சுவரே ஒரு பெடல் போட்டுக்கொண்டிருந்தது. நான் அதற்கு மேல் இன்னொரு பெடல் போட்டேன்.

எனவே குறியைத் தூக்கி எறியலாமா? அதுவும் தவறு. நீண்ட பெடலால் அவர் விரும்பியது, கீழ்ஸ்வரம் அடித்தளமாக நின்று ஒலிக்க, அதற்கு மேல் ஓட்டம் ஒரே வீச்சாக எழ வேண்டும் என்பதாகும். அந்த நோக்கத்தை இன்றைய பியானோவில் அடைய இயற்பியல் ஒரு வழி காட்டுகிறது. பெடலை முழுவதும் மிதிக்காமல் பாதி மிதித்தால் தணிப்பான்கள் தந்தியை இலேசாக உரசும். மெல்லிய மேல்தந்தி அந்த உரசலிலேயே அடங்கிவிடும். கனத்த கீழ்த்தந்தி தன் நிறையின் வலிமையால் தொடர்ந்து ஒலிக்கும். காலை நடுங்கவிட்டு மேலும் கீழும் சிறிது அசைத்தால் அடித்தளம் நிற்கும், மேலே உள்ள குப்பை மட்டும் கழியும். எவ்வளவு என்பதை எந்தத் தாளிலும் எழுத முடியாது. பியானோ, கூடம், வேகம், கூடியிருக்கும் மக்கள் எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கும்; கேட்டு முடிவு செய்ய வேண்டியது காது. வாழ்நாள் படிப்பு என்று அவர் உணர்த்தியது இதைத்தான் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

ஷோப்பானின் கடைசி ஆண்டுகளைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. மயோர்க்காவிலிருந்து திரும்பிய பின் நோஆன் என்ற ஊரில் ஜார்ஜ் சான்டின் பண்ணை வீட்டில் பல கோடைக்காலங்கள் கழிந்தன. அவருடைய சிறந்த உருப்படிகள் பல அங்கே பிறந்தன. 1847-இல், சான்டின் மகள் திருமணத்தையொட்டி எழுந்த குடும்பச் சச்சரவில், அந்த உறவு முறிந்தது. 1848 பிப்ரவரி 16-ஆம் நாள் பாரிஸில் தம் கடைசிக் கச்சேரியைச் செய்தார். பார்கரோல் என்ற தம் உருப்படியின் இறுதிப் பகுதியில் உரத்து வாசிக்க வேண்டும் என்று தாமே எழுதியிருந்ததை, அன்று உடலில் வலு இல்லாததால் மிக மிக மென்மையாக வாசித்தார். கேட்டவர்கள், இதுவே எழுதியதைவிட நன்றோ என்று ஐயுறும்படி அதில் அத்தனை நுட்பம் இருந்தது. நண்பர்களே, இந்த இடத்தை எண்ணிப் பாருங்கள். கை தளர்ந்த அந்த மனிதருக்குக் காலடியில் பெடல் இருந்தது. மிதித்து முழக்கியிருக்கலாம். அவர் தம் பலவீனத்தை மறைக்கவில்லை, அதையே இசையாக்கினார்.

அடுத்த வாரமே பாரிஸில் புரட்சி வெடித்தது. மாணவர்கள் சிதறினார்கள், வருவாய் நின்றது. ஜேன் ஸ்டர்லிங் என்ற ஸ்காட்லாந்து மாணவியின் அழைப்பால் பிரிட்டனுக்குச் சென்றார். மான்செஸ்டரில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கூடிய மண்டபத்தில் அவருடைய வாசிப்பு பலருக்கு எட்டவே இல்லை. மாடிப்படி ஏற முடியாமல் பிறர் தூக்கிச் செல்லும் நிலை. அந்நிலையிலும் 1848 நவம்பர் 16-ஆம் நாள், இலண்டனில், நாடிழந்த போலந்து மக்களுக்கு நிதி திரட்டும் விழாவில் வாசித்தார். வந்தவர்கள் நடனத்துக்காக வந்தவர்கள், கேட்டவர்கள் சிலரே. அதுவே அவர் மேடையேறிய கடைசி நாள். புலம் பெயர்ந்து 18 ஆண்டு கழிந்த பின்னும் கடைசி ஒலி தாய்நாட்டுக்கே போயிற்று.

1849 அக்டோபர் 17-ஆம் நாள் பாரிஸில் அவர் உயிர் நீத்தார். வயது 39. உடல் பாரிஸில் அடக்கமாயிற்று. அவர் விருப்பப்படி, மூத்த சகோதரி லுட்விகா அவருடைய இதயத்தை வார்சாவுக்கு எடுத்துச் சென்றார். அது திருச்சிலுவை ஆலயத்தின் தூணொன்றில் இன்றும் இருக்கிறது. 2014-இல் அறிஞர்கள் அந்தக் கண்ணாடிக் குடுவையைத் திறக்காமலே ஆராய்ந்தார்கள். காசநோய் இதயத்தைச் சூழ்ந்த உறையைத் தாக்கியதே மரணத்துக்குக் காரணமாயிருக்கக்கூடும் என்று 2017-இல் முடிவு வெளியிட்டார்கள்.

இந்த ஓராண்டில் நான் செய்தது அதிகமில்லை. ஆய்வுக்கூட வேலை முடிந்ததும் விழாக் கூடத்துப் பியானோவில் நாள்தோறும் அரைமணி நேரம். முதல் நான்கு மாதம் வலக்காலை நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு, பாதி வேகத்தில், பெடலே இல்லாமல் வாசித்தேன். கேட்கச் சகிக்கவில்லை. ஒவ்வொரு தவறும் நிர்வாணமாக நின்றது. பல நாள் விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் தவறு எங்கே என்று தெரிந்தது அப்போதுதான். மெல்ல மெல்ல அது குறைந்தது. பிறகு காலைச் சேர்த்தேன். முதலில் சிறிது, பின்னர் பாதி. சென்ற மாதம் பேராசிரியரை அழைத்து வாசித்துக் காட்டினேன். இன்னும் இரண்டு இடம் தடுக்குகிறது என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். எந்த இரண்டு இடம் என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெளிவாகக் கேட்டிருந்தது.

அயலூரில் வந்து படிக்கும் நம்மில் பலருக்கும் ஏதோ ஒரு பெடல் இருக்கிறது. அரைகுறையாகப் புரிந்ததைப் பெரிய சொற்களால் மூடுகிறோம். செய்யாத சோதனையை அழகான வரைபடத்தால் மூடுகிறோம். முழக்கம் கேட்டுக் கைதட்டுவோரும் உண்டு. அந்தக் கைதட்டலை வேண்டாம் என்று மறுத்து, போதாத ஒலியோடு நேர்மையாக நின்ற ஒருவரின் வாழ்க்கை இது. வரும் ஆண்டுவிழாவிலும் நாடகத்துக்கு மேடை கட்ட நேரம் வேண்டியிருக்கும். அழைத்தால் வருகிறேன். அந்தப் பதினாறாவது முன்னிசையை மீண்டும் வாசிக்கிறேன். ஸ்வரங்கள் கேட்கின்றனவா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.